நடுவில் ஒட்டிய சுவிட்ச்

என் அண்ணி மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டதற்கு நான் காரணமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அதற்கப்புறம் நடந்த குளறுபடிக்கெல்லாம் நான்தான் காரணம். படியைக் கழுவிவிட்டு, துடைக்காமல், ஃபோன் பேசப் போனது என் அண்ணன். ஏழு மாதமாகியும் அந்தப் படியில் அவன் சுவரை ஒட்டி, குற்றவாளி மாதிரிதான் ஏறுகிறான். ஏறட்டும்.

அண்ணனை அவன் என்றும் அண்ணியை அவர் என்றும் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். அண்ணன் டவுன் பஸ் ஓட்டுகிறான். பஸ்ஸில் அவனுக்குக் கிடைக்கும் மரியாதை போதும். அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் கிட்டார் வாசிக்கிறார். நான் அவர்கள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

கிட்டார் என்றால் பொழுதுபோக்குக்கு டிங் டிங் என்று தட்டுவது இல்லை. நீச்சல் குளத்தை ஒட்டி ஒரு சின்ன ஹால் இருக்கிறது. அங்கே வயதான தம்பதிகள் வாரம் ஒருமுறை கைகோத்து ஆட வருவார்கள். அவர்களுக்கு வாசிக்கும் நால்வர் குழுவில் பதினெட்டு வருடமாக அண்ணிதான் எலெக்ட்ரிக் கிட்டார். டிரம்ஸ் வாசிப்பவர்தான் குழுவுக்குத் தலைவர், எல்லோரும் அவரை கேப்டன் என்பார்கள். நல்ல மனிதர், ஆனால் மனதில் பட்டதை மென்று விழுங்கத் தெரியாது.

கட்டுப் பிரித்து, ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சிக்குப் போய்வந்து, ஆறாவது மாதம் அண்ணி மறுபடி ஹாலுக்குப் போனார். இடது கை பழையபடி ஓடியது. தொல்லை வலது கையில்தான். கம்பியைத் தட்டுகிற கையில் பழைய வேகம் இல்லை, அழுத்தித் தட்டினால் மணிக்கட்டு சுருக்கென்று வலிக்கிறது. இரண்டு பாட்டு முடிந்ததும் கேப்டன் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"நீங்க வாசிக்கிறது பக்கத்துல உக்காந்திருக்கிற எனக்கே கேக்கல. ஆம்ப்ளிஃபயர்ல ஏத்தினா பாட்டோட சேர்ந்து இரைச்சலும் ஏறுது. ஒரு மாசம் பாருங்க. அடுத்த மாசம் மூணாவது சனிக்கிழமை ஒத்திகைக்கு வாங்க. அப்பவும் இப்படின்னா, இப்ப வாசிக்கிறவரையே வெச்சுக்க வேண்டியதுதான். தப்பா நினைக்காதீங்க."

இப்போது வாசிக்கிறவர் ஒரு பல் டாக்டர். அண்ணி கையில் கட்டோடு இருந்த மாதங்களில் மாற்றாளாக வந்தவர். அவரும் நன்றாகத்தான் வாசிப்பாராம், கேள்வி.

அண்ணி வீட்டுக்கு வந்து அழவில்லை, புலம்பவில்லை. இரண்டு நாள் எங்கெங்கோ படித்துவிட்டு மூன்றாம் நாள் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"கை பழையபடி ஆகறதுக்கு இன்னும் ஆறு மாசமாவது ஆகுமாம். அதுவரைக்கும் மெதுவாத் தட்டினாலும் சத்தம் முழுசா வர்ற மாதிரி கிட்டாரை மாத்திட்டா என்ன? பிக்கப் மட்டும் புதுசாப் போட்டாப் போதும். நீ போட்டுத் தருவியா?"

பிக்கப் என்பது கிட்டாரின் கம்பிகளுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் காந்தப் பெட்டி. கம்பி அதிர்வதை அதுதான் மின்சாரமாக்கி வெளியே அனுப்புகிறது. அண்ணியின் கிட்டாரில் அப்படி இரண்டு. புதிதாக வரப்போகிற இரண்டுமே ஹம்பக்கர் என்கிற வகை. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இரண்டு காயில்கள், அதாவது கம்பிச் சுருள்கள், பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும், ஒன்றுக்கொன்று தலைகீழாக. சுற்றுப்புறத்து விளக்கு, ஃபேன், மோட்டாரிலிருந்து வரும் இரைச்சலை ஒரு காயில் நேராக வாங்கும், மற்றது தலைகீழாக வாங்கும். இரண்டும் சேரும் இடத்தில் இரைச்சல் செத்துப்போகும், காந்தமும் தலைகீழாக இருப்பதால் பாட்டு மட்டும் மிஞ்சும். இதைக் கேட்டதும் எனக்கு எவன் கண்டுபிடித்தானோ அவன் கையைப் பிடித்துக் குலுக்கவேண்டும் போலிருந்தது. நான் மோட்டார் வைண்டிங் பட்டறையில் காயில் கட்டுகிறவள். பதினோரு வருடம். தண்ணீர் பம்ப், மாவு மில், லேத் என்று எரிந்துபோய் வரும் எதையும் உரித்துத் திரும்பக் கட்டி ஓடவைப்பேன்.

"இதுக்குப் போய்க் கேக்கணுமா அண்ணி? பத்து குதிரை மோட்டாரையே கண்ணை மூடிட்டுக் கட்டுறவ நான். இது சுண்டைக்காய்."

கண்ணை மூடிட்டு என்று சொன்னது நான்தான். யாரும் சொல்லச் சொல்லவில்லை.

புதுப் பிக்கப்புகள் ஒத்திகை வாரத்துச் செவ்வாய்க்கிழமைதான் தபாலில் வந்தன. புதன்கிழமை சீக்கிரமே பட்டறையிலிருந்து கிளம்பி, அண்ணி கடையிலிருந்து வருவதற்குள் முடித்துவிடுவது என்று சாப்பாட்டு மேஜையில் துண்டை விரித்தேன். அண்ணன் அன்று காலை ஷிஃப்ட் முடித்துவிட்டு வீட்டில் இருந்தான். கரண்ட் என்றால் அவனுக்கு நடுக்கம். பல்பு மாற்றக்கூட மெயினை நிறுத்துகிறவன்.

"ஷாக் கீக் அடிச்சிடாதே?"

"இதுல ஓடுற கரண்ட்டுல எறும்புக்குக்கூட அடிக்காது. நீ பேசாம உக்காந்து இந்தக் காகிதத்தைப் படி."

கம்பிகளைத் தளர்த்திக் கழற்றினேன். முதுகுப்புறத் தகட்டின் நாலு திருகையும் எடுத்ததும் உள்ளே ஒரு சின்னக் குகை. குமிழ்கள், ஒரு சுவிட்ச், இருபது வருடத் தூசி. அந்த சுவிட்சுக்கு மூன்று நிலை: மேலே தள்ளினால் கழுத்துப்பக்கத்துப் பிக்கப் மட்டும், கீழே தள்ளினால் பின்பக்கத்துப் பிக்கப் மட்டும், நடுவில் இருந்தால் இரண்டும் சேர்ந்து. ஆனால் அண்ணியின் கிட்டாரில் அது எப்போதும் நடுவில்தான். கை பட்டுப் பட்டு நகர்கிறது என்று அதன்மேல் கறுப்பு டேப்பைக் குறுக்கே ஒட்டி நிரந்தரமாக நடுவிலேயே நிறுத்தியிருந்தார். பதினெட்டு வருடமும் நடுவிலேயே வாசித்தவர். நான் வேலைக்காக அந்த டேப்பை உரித்தேன்.

பழைய பிக்கப்புகளின் ஒயர்களை ஈயம் உருக்கி விடுவித்து, வெளியே உருவினேன். கழுத்துப்பக்கத்து ஒயரை நீளமான துளை வழியாகக் குகைக்குள் கொண்டுவருவதுதான் கடுப்பான வேலை. பழைய கிட்டார் கம்பி ஒன்றில் கட்டி இழுத்தேன். ஒவ்வொரு பிக்கப்பிலிருந்தும் நாலு ஒயரும் உறையில்லாத ஒரு செம்புக் கம்பியும் வந்தன. நாலில் இரண்டை அவர்களே சேர்த்து முறுக்கி டேப் சுற்றி அனுப்பியிருந்தார்கள். மிச்சம் கறுப்பும் சிவப்பும்.

அண்ணன் பஸ்ஸில் நிறுத்தம் அறிவிக்கிற குரலில் படித்தான். "கறுப்பு ஒயர், சத்தம் போகும் வழி. சுவிட்சில் இணைக்கவும். சிவப்பு ஒயரும் உறையில்லாத கம்பியும் எர்த். குமிழின் முதுகில் பற்றவைக்கவும்."

"தலைகீழா எழுதியிருக்கான் பாரு," என்றேன். எங்கள் பட்டறையில் சிவப்புதான் உயிருள்ள ஒயர், கறுப்பு திரும்பிப் போகிற ஒயர். இவர்களுக்கு நேர்மாறு. ஆனாலும் காகிதம் சொன்னபடியே முதல் பிக்கப்பைப் பற்றவைத்தேன். பட்டறையிலிருந்து பெரிய சால்டரிங் அயர்ன் கொண்டுவந்திருந்ததால் ஈயம் வெண்ணெயாக உருகிப் பளபளவென்று உட்கார்ந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டாவதை அதன் சட்டத்தில் பொருத்தும்போது திருகுக்கு அடியில் போடும் சின்ன ஸ்ப்ரிங் ஒன்று விசுக்கென்று துள்ளி எங்கேயோ போய்விட்டது. அண்ணனை மேஜைக்கடியில் தேட அனுப்பினேன். அவன் காகிதத்தை வைத்துவிட்டுத் தவழ்ந்தான்.

"இரு, எடுத்துட்டு வந்து அடுத்ததையும் படிக்கிறேன்."

"ஒண்ணு போட்டாச்சு. ரெண்டாவதுக்கு எதுக்குப் படிப்பு? நீ ஸ்ப்ரிங்கைத் தேடு."

அவன் ஃப்ரிட்ஜுக்கு அடியிலிருந்து ஸ்ப்ரிங்கோடு எழுந்தபோது நான் இரண்டாவதையும் பற்றவைத்து முடித்திருந்தேன். ஆம்ப்ளிஃபயரில் சொருகி, சுவிட்சை மேலே தள்ளி, ஸ்க்ரூ டிரைவர் நுனியால் முதல் பிக்கப்பைத் தட்டினேன். டொக். கீழே தள்ளி இரண்டாவதைத் தட்டினேன். டொக். இரண்டும் பழையவற்றைவிட இரண்டு மடங்கு சத்தம். அண்ணன் காதைப் பொத்திக்கொண்டான். நான் தகட்டை மூடித் திருகி, கைதட்டலுக்குக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன்.

அண்ணி வந்தார். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. புதுக் கம்பிகளை மாட்டி, சுருதி சேர்த்து, முதல் வேலையாக சுவிட்சை நடுவில் வைத்துப் புது டேப் ஒட்டினார். பிறகு தட்டினார்.

சத்தம் வந்தது. ஆனால் அது ஜலதோஷம் பிடித்தவன் மூக்கால் பேசுகிற மாதிரி ஒல்லியாக, உள்ளே ஒன்றுமில்லாமல் வந்தது. அண்ணி குமிழைத் திருப்பினார். இன்னொரு தடவை தட்டினார். இன்னும் கொஞ்சம் அழுத்தித் தட்டினார். முகம் சுளித்தது, வலி.

"மெலிசா இருக்கே," என்றார் மெதுவாக. "முன்னைவிட மெலிசா இருக்கே. எங்கயாவது ஒயர்...?"

இங்கேதான் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அல்லது, எங்கே பார்ப்போம் என்று தகட்டைத் திறந்திருக்க வேண்டும். பட்டறையில் என் வேலையில் குறை சொன்னவர்கள் கிடையாது; சொன்னால் சும்மா விட்டதும் கிடையாது. அந்தக் கோபம் மூக்குக்கு மேல் ஏறிவிட்டது.

"ரெண்டையும் தனித்தனியாத் தட்டிப் பார்த்துட்டுத்தான் மூடினேன். கணீர்னு இருக்கு. அண்ணனையே கேளுங்க. குறை கிட்டார்ல இல்ல அண்ணி. கையில இருக்கும்."

அண்ணன் என்னைப் பார்த்தான். அண்ணி என்னைப் பார்க்கவில்லை. தன் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு கிட்டாரைத் துடைத்து உறைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார்.

"இருக்கும்," என்றார். "கையிலதான் இருக்கும்."

அன்றைக்கு ராத்திரி அண்ணி பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். எனக்குச் சோறு இறங்கியது என்பதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. என் வேலை சரி, பிறகென்ன என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை பட்டறையில் ஒரு பம்ப் மோட்டார். காயில் கட்டியாகிவிட்டது, முனைகளை இணைக்க வேண்டியதுதான் பாக்கி. பக்கத்து மேஜைக்காரர் தன் மாமனாரின் அறுவைப் பேச்சைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்; நான் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வேலை செய்தேன். சிரித்துக் குனிந்தால், என் கை கறுப்பு ஒயரை எடுத்துத் திரும்பிப் போகிற முனையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தது. கண் பார்க்கவில்லை, மூளை சொல்லவில்லை. கை தானாகவே எடுத்து, தானாகவே வைத்துவிட்டது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் பிக்கப்பை அண்ணன் படிக்கப் படிக்கக் காகிதப்படி இணைத்தேன். இரண்டாவதை? ஸ்ப்ரிங்கைத் தேடச் சொல்லித் திட்டிக்கொண்டே இணைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்த்தேன். சுவிட்சில் சிவப்பு. குமிழின் முதுகில் கறுப்பு. பட்டறை வழக்கப்படி, பதினோரு வருட வழக்கப்படி.

ஒவ்வொன்றும் தனியாக இருந்தால் எந்தப் பக்கம் மாற்றினாலும் சத்தம் முழுசாக வரும். தட்டிப் பார்த்தால் தெரியவே தெரியாது. இரண்டும் சேரும்போதுதான் வினை. கம்பி அசையும்போது ஒன்று போ என்கிறது, மற்றது வா என்கிறது. இரைச்சலைக் கொல்வதற்கு என்று எந்த வித்தையை மெச்சினேனோ, அதே வித்தையால் நான் பாட்டைக் கொன்றிருக்கிறேன். அண்ணி வாசிப்பது நடுவில் மட்டும்தான் என்பதும் எனக்குத் தெரியும், டேப்பை உரித்ததே நான்.

இனி ஒரு அசிங்கமான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் எனக்கு வந்த யோசனை மன்னிப்புக் கேட்பது இல்லை. வியாழக்கிழமை மதியம் அண்ணி கைப்பயிற்சிக்குப் போவார். நான் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், தகட்டைத் திறந்து, இரண்டு ஒயரையும் இடம் மாற்றி மூடிவிடலாம். ஐந்து நிமிட வேலை. சாயங்காலம் அண்ணி எடுத்து வாசிப்பார், சத்தம் முழுசாக வரும், கை தேறிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். சந்தோஷம்தானே? என் பெயரும் கெடாது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதை நான் ஒரு நல்ல காரியம் போலவே ஜோடித்துக்கொண்டு வந்தேன்.

கதவைத் திறந்தால் அண்ணி சோஃபாவில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் மதிய இடைவேளைக்கு வந்தவன், சீருடையோடு எதிரே நின்றுகொண்டிருந்தான்.

"பயிற்சிக்குப் போகலையா அண்ணி?"

"எதுக்கு இனிமே?" என்றார். கோபமே இல்லை குரலில், அதுதான் தாங்கவில்லை. "கண்ணாடிக் கடைல பவர் எழுத இந்தக் கை போதும். கேப்டனுக்கும் ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன், சனிக்கிழமை வரலன்னு. அவரும் என்ன பண்ணுவார் பாவம். பல் டாக்டரையே வெச்சுக்கச் சொல்லிட்டேன்."

"நான் எவ்வளவோ சொல்லிட்டேன் வாயாடி, கேக்க மாட்டேங்கிறா," என்றான் அண்ணன். வாயாடி என்பது நான்.

இப்போதும் சத்தமில்லாமல் மாற்றியிருக்கலாம். அண்ணி குளிக்கப் போகும்போது, கடைக்குப் போகும்போது. ஆனால் கேப்டனுக்குப் போன ஃபோனை யார் மாற்றுவது? பயிற்சிக்குப் போகாத கையை யார் மாற்றுவது? ஒரு வார்த்தை சொல்லி பதினெட்டு வருடத்தை உறைக்குள் போட்டு ஜிப் இழுத்தது நான்.

"அண்ணி," என்றேன். "ஒயர் தப்பு. நான் தப்பாக் குடுத்துட்டேன். ரெண்டாவது பிக்கப்பைத் தலைகீழா இணைச்சிருக்கேன். உங்க கைக்கு ஒண்ணும் இல்ல."

அண்ணி நம்பவில்லை. "எனக்காகச் சொல்றியா?"

"நான் யாருக்காகவாவது இந்த மாதிரிச் சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா?"

"அது உண்மைதான்," என்றான் அண்ணன்.

"கிட்டாரை எடுங்க. டேப்பைப் பிச்சிடுங்க. மேல தள்ளி, முன்னாடிப் பிக்கப்பை மட்டும் வாசிங்க."

அண்ணி கிட்டாரை எடுத்தார். நகத்தால் டேப்பைச் சுரண்டிப் பிய்த்தார். சுவிட்சை மேலே தள்ளி, வலி வந்துவிடுமோ என்று பயந்து, மிக மெதுவாகக் கம்பியைத் தட்டினார்.

அறை நிறைந்தது. ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. உருண்டு திரண்ட சத்தம். அண்ணி திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டார். பிறகு சுவிட்சைக் கீழே தள்ளித் தட்டினார். கூர்மையாக, ஆனால் அதே பலத்தோடு. நடுவுக்குக் கொண்டுவந்தார். ஜலதோஷம். மேலே. கீழே. நடுவே. மறுபடி மேலே. நாலைந்து தடவை இதையே செய்துகொண்டிருந்தார். நான் தகட்டைத் திறக்க ஸ்க்ரூ டிரைவரோடு போனால், இரு என்று கையைக் காட்டித் தடுத்தார். இன்னொரு தடவை நடுவில் தட்டி, அந்த நோஞ்சான் சத்தத்தைக் காது குளிரக் கேட்டார்.

"இது என் கை இல்ல," என்றார் அண்ணனைப் பார்த்து. "இது என் கையே இல்லங்க." கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அண்ணன் என்ன செய்வதென்று தெரியாமல் தன் தொப்பியை எடுத்து நீட்டினான், துடைத்துக்கொள்ள.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணி என் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஒயரைத் தப்பாக் குடுத்தது பரவால்ல. யாருக்கும் நடக்கும். ஆனா நேத்து, கையில இருக்கும்னு சொன்ன பாரு. நான் எங்கயாவது ஒயரான்னு கேட்டேன். நீ திறந்துகூடப் பாக்கல."

"ஆமா."

"ஒயருக்கு மன்னிப்பு வேண்டாம். அதுக்கு மட்டும் கேளு."

கேட்டேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து எத்தனையோ வருடமாகிறது. முதல் தடவை பாதியில் அறுந்துபோய் இரண்டாம் தடவை முழுசாகச் சொன்னேன். திருட்டுத்தனமாக மாற்ற நினைத்ததையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன், வந்தது வந்தாயிற்று என்று. அண்ணி என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார். வலது கையால். வலித்தது. அவருக்கும் வலித்திருக்க வேண்டும், கையை உதறிக்கொண்டார்.

"இவ மன்னிப்புக் கேட்ட தேதியை எழுதி வெக்கணும்," என்றான் அண்ணன். "பஸ்ஸுல வர்றவங்க எல்லாருக்கும் சொல்லப் போறேன்."

பிறகு தகட்டைத் திறந்தேன். நான் நினைத்தபடியே இருந்தது: சுவிட்சில் சிவப்பு, குமிழ் முதுகில் கறுப்பு. என் ஈயப் பற்று என்னவோ அழகாகத்தான் இருந்தது, தப்பான இடத்தில். அண்ணி காகிதத்தோடு பக்கத்தில் நின்று, பரீட்சை எடுக்கிறவர் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"கறுப்பு எங்க போகுது?"

"சுவிட்சுக்கு."

"சிவப்பு?"

"எர்த்துக்கு, அந்த வெறும் கம்பியோட."

"பார்த்துச் சொல்றியா, பார்க்காமச் சொல்றியா?"

"பார்த்து, அண்ணி, பார்த்து!"

ஐந்து நிமிடம்தான் ஆனது. அண்ணி சுவிட்சை நடுவில் வைத்து, அதே மெதுவான தட்டலாகத் தட்டினார். இந்தத் தடவை இரண்டும் ஒரே பக்கம் இழுத்தன. தடித்த, இனிப்பான சத்தம். அடியில் இரைச்சல் துளிகூட இல்லை. அவர் ஒரு முழுப் பாட்டை வாசித்தார். முகம் ஒருமுறைகூடச் சுளிக்கவில்லை. அண்ணனுக்கு ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது, போகவே மனமில்லாமல் ஒரு காலில் ஷூவோடு நின்று கேட்டான்.

கேப்டனுக்கு அண்ணியே ஃபோன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"வரலன்னு சொன்னேன்ல, வர்றேன்."

"வாங்க," என்றார் கேப்டன், யோசித்து. "ஆனா நான் டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். அவரும் கிட்டாரோட வருவார். கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணுவேன். பழகின முகம்னு பாக்க மாட்டேன்."

"பாக்காதீங்க," என்றார் அண்ணி.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆம்ப்ளிஃபயரை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். ஹாலில் நாற்காலிகளை இன்னும் விரிக்கவில்லை. நீச்சல் குளத்திலிருந்து குளோரின் வாடை. பல் டாக்டர் ஓரத்து பெஞ்சில் கிட்டாரை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார். பொல்லாதவராக இருப்பார் என்று நினைத்துக்கொண்டு போனேன், தங்கமான மனிதர்.

அண்ணி முதலில் வாசித்தார். முதல் பாட்டில் ஒரு இடத்தில் தடுமாறினார், பதற்றம். இரண்டாவதில் இல்லை. கேப்டனின் முகத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது மெதுவான பாட்டு. அதில் கிட்டார் தனியாக வரும் இடம் ஒன்று உண்டு. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு, கம்பியைத் தொட்டும் தொடாமலும் வாசித்தார். அந்தப் பெரிய வெற்று ஹாலின் கடைசி மூலைவரை அது போனது. பெருக்கிக்கொண்டிருந்த ஊழியர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

அப்போது பல் டாக்டர் எழுந்தார். பாட்டுக்கு இடைஞ்சல் இல்லாமல், தன் ஒயரைக் கையில் சுருட்டினார். கிட்டாரைப் பைக்குள் வைத்தார். யாரும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது, அதையும் மறைப்பானேன்.

பாட்டு முடிந்தது. கேப்டன் குச்சிகளை மடியில் வைத்துவிட்டு அண்ணியையே பார்த்தார்.

"கை முழுசாச் சரியாயிடுச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அண்ணி தன் மணிக்கட்டை ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"இல்ல. பாதிதான் ஆகியிருக்கு. மிச்சத்தை என் நாத்தனார் உள்ள பத்த வெச்சிருக்கா."

கேப்டன் திரும்பி என்னைப் பார்த்தார். சும்மா இருந்திருந்தால் பாராட்டி இரண்டு வார்த்தை சொல்லியிருப்பார். நான் எழுந்து நின்று, ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "முதல் தடவை தப்பாப் போட்டேன் சார்," என்றேன்.

கேப்டன் சிரித்தார். பிறகு அண்ணியிடம், "ஆறு மணிக்கு ஆளுங்க வந்துடுவாங்க. அதுக்குள்ள இன்னும் ரெண்டு பாட்டு பாத்துடலாமா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் குச்சிகளைக் கையில் எடுத்தார்.

அண்ணி என்னைப் பார்த்தார், அழாதே என்கிற மாதிரி. நான் அழவில்லை, மூக்கைத்தான் உறிஞ்சினேன். ஆறு மணிக்கு முதல் ஜோடி ஆட வந்தபோது நான் இன்னும் அங்கேயேதான் இருந்தேன்.